எண்டூரன்ஸ் ரோடு பைக்: கால்வாய்க் கரைக்கும் மலையடிவாரத்துக்கும் ஒரே வண்டி போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். கால்வாய்க் கரையில் ஆரம்பித்து, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் போய், மலையடிவாரத்துச் சாலைகளில் ஏறி இறங்கித் திரும்புகிற ஆளாக நீங்கள் இருந்தால், உங்களுக்குத் தோதான வண்டி எண்டூரன்ஸ் ரோடு பைக்தான், அதாவது நாள் முழுக்க அலுப்பில்லாமல் ஓட்டுவதற்கென்று செய்த சாலை வண்டி. ரேஸ் பைக் வேண்டாம், சரளைப் பாதைக்கான கிராவல் பைக்கும் தேவைப்படாது. ஆனால் இந்த வண்டியைப் பற்றிப் பெருமையாக விளம்பரம் செய்யப்படும் விஷயங்களில் பாதிக்கு மேல் நீங்கள் காசு கொடுக்கவே வேண்டியதில்லை. நிஜமாகவே உழைக்கிறவை இரண்டுதான்: அகலமான டயர் போட பிரேமில் விட்டிருக்கும் இடம், அப்புறம் ஏற்றத்துக்கு வைத்திருக்கும் கடைசி கியர். மற்றதெல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற சமாச்சாரம்.

நான் ஓட்டுவது கார்பன் பிரேம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் 50-34 பல் சக்கரங்கள், பின்னால் 11-லிருந்து 34 வரை போகும் 11 ஸ்பீடு கேசட், அதாவது பின் சக்கரத்துப் பல் சக்கர அடுக்கு, அப்புறம் 32 மி.மீ. டயர். எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். தவிர, இந்த ரகத்தில் நல்ல கம்பெனிகள் செய்கிற வண்டிகளுக்குள் அளவுகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஸ்டிக்கரை மறைத்துவிட்டு ஓட்டச் சொன்னால் எது எந்த வண்டி என்று நானே சரியாகச் சொல்வேனா என்பது சந்தேகம்தான். அளவுகளைச் சொல்கிறேன், நீங்கள் பார்க்கிற வண்டியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ரகம் எப்படி வந்தது என்பதிலேயே என் வாதத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. வடக்கு பிரான்சில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கரடுமுரடான கல் பாவிய சாலை வரும். அந்தக் கல்லின் உதறலை அடக்குவதற்கென்று ஸ்பெஷலைஸ்டு 2004-இல் ரூபே என்ற பெயரிலேயே ஒரு வண்டியை இறக்கியது. ட்ரெக்கின் டொமானே 2012-இல் வந்தது, அதில் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூப் தனியாக வளைந்து கொடுக்க ஒரு மூட்டே வைத்திருந்தார்கள். விளம்பரத்தில் வீரர்கள் கல்லில் பறந்தார்கள், வாங்கியவர்கள் என்னவோ முதுகு பிடிக்காமல் நாள் முழுக்க ஓட்ட நினைத்த நம்மைப் போன்றவர்கள். சரி, இன்று அதே ரூபே பந்தயத்தில் முன்னணி வீரர்கள் பலர் என்ன ஓட்டுகிறார்கள்? காற்றைக் கிழிக்கும் வடிவமுள்ள வழக்கமான ஏரோ ரேஸ் பைக்தான், அதில் 30, 32 மி.மீ. டயர், காற்று மட்டும் குறைவு. உதறலில் பெரும்பகுதியை விழுங்குவது டயர் என்று தெரிந்துபோனதும் மூட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இருந்த மவுசு குறைந்துவிட்டது.

உட்காரும் விதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். பிரேமின் முன்பக்கக் குழாயான ஹெட் ட்யூப் நீளமாக இருப்பதால் ஹேண்டில்பார் உயரத்தில் இருக்கும், எட்டிப் பிடிக்கிற தூரம் குறைவு. இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு மீட்டரை ஒட்டி, பெரிய அளவுகளில் அதைத் தாண்டியும் இருக்கும். அதனால் வண்டி நேராகப் போவதில் பிடிவாதமானது. கையை எடுத்துவிட்டு மழைக்கோட்டைக் கழற்றி மடித்து ஜெர்சிப் பையில் திணிக்கலாம், கோடு மாறாது. வளைவில் ரேஸ் பைக் மாதிரி சட்டென்று விழாது, ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சாயும். பழகினால் அதுவே பிடித்துப்போகும்.

இப்போது கால்வாய்க் கரை. மேடு பள்ளம் கிடையாது, எந்த வண்டியும் ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடும்தான், ஆனால் அங்கே உடம்பு படுகிற பாடு வேறு விதம். படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிக்கு லாக் என்று பெயர். இரண்டு லாக்குகளுக்கு நடுவே தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதால் கரைப் பாதையும் தட்டையாகவே போகும், லாக் வருமிடத்தில் மட்டும் சின்னதாக ஒரு சரிவு, அப்புறம் மறுபடி தட்டை. இறக்கம் இல்லையென்றால் மிதிப்பதை நிறுத்தவே முடியாது. மலையில் எழுந்து நின்று மிதிக்கலாம், இறங்கும்போது காலுக்கு ஓய்வு கிடைக்கும். கால்வாயில் மணிக்கணக்கில் ஒரே கியர், ஒரே வளைவில் முதுகு, ஒரே எலும்பின் மேல் மொத்த பாரம். மலையில் கால் வலிக்கும், கால்வாயில் மணிக்கட்டும் கழுத்தும் உட்காரும் இடமும் வலிக்கும். உயரமான ஹேண்டில்பாரின் அருமை எனக்குத் தெரிந்தது இங்கேதான், மலையில் இல்லை. லாக் சரிவு வரும்போதெல்லாம் தேவையே இல்லாவிட்டாலும் எழுந்து நின்று பத்து மிதி மிதித்துவிட்டு உட்காருவது நல்ல பழக்கம், ரத்த ஓட்டத்துக்கு.

அடுத்தது பாதையின் தரம். கால்வாய்ப் பாதைகளைச் சைக்கிளுக்காக யாரும் போடவில்லை. படகை இழுத்துப் போன குதிரைகளுக்கும் பராமரிப்பு ஆட்களுக்கும் போட்டதுதான் பிற்பாடு நம் கைக்கு வந்தது. அதனால் ஒரே கால்வாயிலேயே கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் கெட்டித்த சரளை, கொஞ்ச தூரம் வெறும் மண். இதற்குத் தெளிவான உதாரணம் பிரான்சின் துலூஸ் நகரத்தில் சந்திக்கும் இரண்டு கால்வாய்கள். மேற்கே போகும் கரோன் கால்வாயின் ஓரம் நெடுகத் தார்ப் பாதை. கிழக்கே மத்தியதரைக் கடல் பக்கம் போகும் மிடி கால்வாய் 1681-இல் கட்டி முடித்தது, 240 கிலோமீட்டர் நீளம், அதில் துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் தார், அதற்கப்புறம் பெரும்பாலும் மண்ணும் சரளையும் பிளேன் மரங்களின் வேரும். 25 மி.மீ. டயரோடு கரோன் பக்கம் சந்தோஷமாகப் போகலாம். அதே டயரோடு மிடி பக்கம் திரும்பினால் தார் முடிகிற இடத்தில் சந்தோஷமும் முடிந்துவிடும்.

வேர் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கரையோர மரத்தின் வேர் தாருக்கு அடியில் வளர்ந்து, அதைக் குறுக்கே ஒரு வரப்பாகத் தூக்கிவிடும், இரண்டு விரல் உயரம்தான் இருக்கும். மர நிழலும் வெயிலும் மாறி மாறி விழுகிற இடத்தில் அந்த வரப்பு கண்ணுக்கே தெரியாது. 110 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்த மெல்லிய டயர் அதில் ஏறினால் முதுகெலும்பு வரை ‘டக்’கென்று அடி விழும், காற்று குறைவாக இருந்தால் ரிம் இடித்து ட்யூபில் பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை. 32 மி.மீ. டயரில், நீங்கள் 75 கிலோவை ஒட்டிய ஆள் என்றால், முன்னால் 50, பின்னால் 55 பிஎஸ்ஐ சுற்றி வைத்துப் பாருங்கள். அதே வேரில் டயர் அமுங்கி விரிவது கையில் தெரியும், வண்டி தடம் மாறாது, மிதியும் நிற்காது.

காற்றைக் குறைத்தால் வண்டி இழுக்கும், மெதுவாகிவிடும் என்ற பயம் இன்னும் பலருக்கு உண்டு. உருளை வடிவ இரும்பு டிரம் மேல் வைத்து டயரைச் சோதித்தபோது காற்று ஏற ஏற உருளும் தடை குறைந்தது உண்மை. டிரம் வழவழப்பானது, சாலை அப்படி இல்லையே. காற்று அதிகமான டயர் ஒவ்வொரு பொடிக்கல்லிலும் ஏறி இறங்கும்போது வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, முன்னால் தள்ள வேண்டிய சக்தி உங்கள் சதையைக் குலுக்குவதில் வீணாகிறது. கூடவே இன்னொன்று: ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் தரையில் பதிகிற தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், டயரின் பக்கச் சுவர் குறைவாகவே மடங்கும். ஆகவே நல்ல தார்ச் சாலையில் அகல டயரால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை, மோசமான சாலையில் லாபம் நிச்சயம். எடை கொஞ்சம் கூடும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. வண்டியோடு வருகிற ரிம் ஹூக்லெஸ் வகையா என்று பாருங்கள், அதாவது டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள உள்பக்கம் கொக்கி இல்லாத ரிம். அப்படியானால் தர விதிப்படி காற்றழுத்தத்தின் உச்ச அளவு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றக் கூடாது, டயரும் ஹூக்லெஸுக்கு ஏற்றது என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். 32 மி.மீ. டயரில் அவ்வளவு காற்று யாருக்கும் தேவைப்படாது. ஆனால் பழைய பழக்கத்தில் பம்பைப் பிடித்து நூறு வரை அடிக்கிற நண்பர் ஒருவர் எல்லாருக்கும் உண்டு, அவர் கையில் உங்கள் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

கால்வாயில் இந்த வண்டி தோற்கிற இடம் எதிர்க்காற்று. கரை உயர்ந்திருக்கும், மரமில்லாத இடத்தில் இரு பக்கமும் வெட்டவெளி, பாதை அம்பு விட்டாற்போல் நேராகப் போகும், காற்று எதிரே வந்துவிட்டால் ஒளிய ஒரு திருப்பம் கூடக் கிடையாது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. மணிக்கு 30-லிருந்து 33-க்குப் போக, காற்றுக்காக மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி உட்காரவைக்கிற வண்டி இங்கே கப்பலின் பாய் மாதிரி வேலை செய்கிறது. இதற்கு மருந்து பிரேக் லீவர் மேல் கையை வைத்து, முழங்கையை மடக்கி, முன்கையைத் தரைக்கு இணையாகக் கொண்டுவருவது. கையை நீட்டிக்கொண்டு ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடிப்பதைவிட இதில் காற்றுத் தடை குறைவு. ஆனால் ரொம்ப நேரம் தாங்காது, தோள் எரியும். காற்றடிக்கிற தட்டைப் பிரதேசத்தில் மட்டுமே ஓட்டுகிறவர், மலைப் பக்கமே போகாதவர் என்றால், தாழ்வான ஹேண்டில்பார் உள்ள வண்டியில் அகல டயர் போட்டுக்கொள்வது மேல். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கரையில் இன்னொரு சின்ன தலைவலி, கார் நுழையாமல் தடுக்க நட்டிருக்கும் குட்டைத் தூண்கள். நாலைந்து பேர் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் கத்தாவிட்டால் மூன்றாவது ஆள் தூணைக் கட்டிப்பிடிப்பார். வண்டிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு: இந்த வண்டி மெதுவாகத் திரும்பும் சுபாவம் கொண்டது என்பதால், இரட்டைத் தூண் போட்டு வளைத்து வளைத்துப் போகச் சொல்லும் இடங்களில் முன்கால் முனை சக்கரத்தில் உரசும், முக்கியமாகக் குள்ளமானவர்களுக்கான சின்ன பிரேமில். மட்கார்டு போட்டிருந்தால் இன்னும் மோசம். பயப்பட ஒன்றுமில்லை, அந்த இடத்தில் மிதிக்காமல் உருட்டிக்கொண்டு போனால் போதும்.

பள்ளத்தாக்குச் சாலைதான் இந்த வண்டியின் சொந்த வீடு. ஆறு எப்படி வளைகிறதோ அப்படிச் சாலையும் வளையும், ஏற்றம் ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ, கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும், வேகம் மட்டும் காரணமே இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் குறைந்திருக்கும். பிரேக் ஒட்டுகிறதோ, டயர் இறங்கிவிட்டதோ என்று குனிந்து பார்ப்பார்கள். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

இங்கேதான் 11-34 கேசட்டின் குறை தெரியும். பற்கள் 11, 13, 15, 17, 19 என்று இரண்டிரண்டாகத் தாவும். 19-இல் நிமிடத்துக்கு 90 சுற்று சுகமாக மிதித்துக்கொண்டு போகிறீர்கள், லேசாகக் காற்று மாறுகிறது, ஒரு கியர் கனமாக்கினால் அதே வேகத்துக்குச் சுற்று எண்பதுக்கு இறங்கிவிடும். 18 பல் இருந்தால் சரியாக இருக்கும், அது இல்லை. தனியாகப் போகும்போது வேகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு சமாளிக்கலாம். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரின் வேகத்துக்கு நீங்கள் ஒட்டியாக வேண்டும், அப்போது எரிச்சல்தான். 12 ஸ்பீடு வண்டியில் இந்த இடைவெளிகளில் சில குறையும், அதுவும் பெரும்பாலும் சின்னப் பற்கள் பக்கம்தான். அதற்காகவே இருக்கிற வண்டியை விற்றுவிட்டு மாறலாமா என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம். எரிச்சல் எரிச்சலாகவே இருக்கட்டும், முழங்கால் தப்பிக்கிறதே.

பள்ளத்தாக்கில் காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு, அது தெரிந்தால் வண்டிக்குச் செலவழிப்பதைவிட அதிகம் சம்பாதிக்கலாம். வெயில் ஏறினால் மலைச்சரிவுகள் சூடாகி, அங்குள்ள காற்று மேலெழும்ப, கீழிருந்து பள்ளத்தாக்கு வழியே காற்று மேல்நோக்கி இழுக்கப்படும். ராத்திரி சரிவுகள் குளிர்ந்து கனத்த காற்று கீழே வழியும். தெளிவான வெயில் நாளில் பகல் தாண்டியபின் மேல்நோக்கிய காற்று பலமாக இருக்கும். ஆகவே அதிகாலையில் மேலே ஏறிவிட்டு மத்தியானம் இறங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், இறக்கத்தில் கூட மிதித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். கிளம்புகிற இடத்தை உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமென்றால், காலையில் ஆற்றோடு கீழே போய், பிற்பகலில் காற்று முதுகில் தள்ள மேலே திரும்புங்கள்.

மலையடிவாரத்துக்கு வருவோம். உண்மையான கணவாய்ச் சாலை இதைவிடப் பரவாயில்லை. அங்கே ஏற்றம் நீளம், ஆனால் ஒழுங்கு இருக்கும், ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். அடிவாரச் சாலை மலைக்குக் கீழே குறுக்காக ஓடுகிறது, மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடைக்கும் அது இறங்கிப் பாலம் தாண்டி மறுபடி ஏற வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் நேர்கோடு, கிளம்பிய இடமும் சேர்ந்த இடமும் ஒரே உயரம், நடுவில் ஏறியதைக் கூட்டினால் ஒரு சின்ன மலை. அதுவும் இந்த ஏற்றங்கள் குட்டையானவை, செங்குத்தானவை, பாலத்தைத் தாண்டியதும் வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை. முன்னால் பெரிய பல் சக்கரத்தில் இறங்கி வந்து, பாலத்தின் முடிவில் முன் பல் சக்கரத்தையும் பின் கியரையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஏற்றம் காலைப் பிடிப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பாரம் ஏறியபிறகு மாற்றினால் செயின் கதறும், சில சமயம் விழுந்தே விடும்.

கடைசி கியருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்குக் கணக்கு. ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 87 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் போகவே ஏறக்குறைய 160 வாட் வேண்டும், சுமாராகப் பயிற்சி உள்ளவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிற அளவு. அந்த வேகத்தில் 34-34 கியரில், அதாவது முன்னால் 34 பல், பின்னால் 34 பல், மிதி நிமிடத்துக்கு 62 சுற்று சுற்றும். அரை ரேஸ் பைக்குகளில் வருகிற 36-28 என்றால் 48 சுற்று. பழைய ரேஸ் வண்டிகளின் 39-25 என்றால் 40. வாட் மூன்றிலும் ஒன்றுதான். 40 சுற்றில் அதே வேலையைச் செய்ய ஒவ்வொரு மிதியிலும் ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டும், அழுத்தம் முழுக்க முழங்கால் மூட்டில் விழும். நாள் முழுக்க ஓடைக்கு ஓடை இப்படி ஏறினால் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது மூட்டு கணக்குக் கேட்கும். சின்ன கியர் சோம்பேறிகளுக்கு என்று பேசுகிற வீம்பு சைக்கிள் உலகத்தில் ரொம்பப் பழசு. கியர் மாற்றும் டீரெய்லரையே டூர் டி பிரான்ஸ் 1937 வரை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. அந்த வீம்பின் வால் இன்னும் கடைகளில் ஆடிக்கொண்டிருக்கிறது, ‘உங்களுக்கு 30 பல் போதும் சார்’ என்கிற வடிவத்தில். போதாது. 34 கேளுங்கள். 36 கிடைத்தால் அதையும் கேளுங்கள்.

எடைக்கு வருகிறேன் என்றேனே. அதே 87 கிலோ கணக்கில் ஒரு கிலோ குறைத்தால் ஏற்றத்தில் மிச்சமாவது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் முழுக்க ஏறினாலும் லாபம் முக்கால் நிமிடத்தைத் தொடாது. அந்த ஒரு கிலோவைக் குறைக்கத்தான் வண்டியின் விலை இரட்டிப்பாகிறது. உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ பந்தய வண்டிகளுக்கே 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நமக்கு எட்டரையோ ஒன்பதரையோ இருந்தால் குடி முழுகிப் போகாது. அலுமினியம் பிரேம், கார்பன் போர்க், அதே அளவுகள், அதே கேசட், அதே டயர் இடம் என்று இந்த ரகத்தின் கீழ்த்தட்டு வண்டி ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். 32 டயரில் 55 பிஎஸ்ஐ வைத்தபிறகு அலுமினியத்தின் ‘கடுமை’ எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. இன்று மறுபடி வாங்குவதென்றால் அதைத்தான் வாங்குவேன், மிச்சக் காசில் நல்ல டயர், உடம்புக்குச் சரியான சீட்.

இறக்கத்தில் டிஸ்க் பிரேக்குக்கு முழு மதிப்பெண். அடிவாரத்து இறக்கங்களில் வளைவுக்குப் பின்னால் ஓடையின் ஈரமோ, சரளையோ, ஒரு மாடோ என்ன இருக்கும் என்று தெரியாது. ஒற்றை விரலால் லீவரை அழுத்தி, கீழ்வளைவைப் பிடித்தபடியே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட முடிவது பெரிய நிம்மதி. மழையில் ரிம் பிரேக்கோடு ஒப்பிடவே வேண்டாம். ஆனால் புது பிரேக் பேடைச் சும்மா மாட்டிக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். தட்டையான சாலையில் நல்ல வேகத்திலிருந்து, நிற்கிற அளவுக்குப் போகாமல், அழுத்தி அழுத்தி இருபது தடவையாவது மெதுவாக்கிப் பழக்குங்கள், பேடின் படலம் டிஸ்கில் சமமாகப் படிந்த பிறகுதான் பிடிப்பு முழுசாக வரும், கீச்சு சத்தமும் குறையும். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க் பக்கம் ஒரு துளி தெறித்தாலும் பேடு போச்சு.

குறைகள். எல்லா ஒயரையும் பிரேக் குழாயையும் ஹேண்டில்பார் வழியாக, அது திரும்பும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டுக்குள் நுழைத்து மறைத்திருக்கிறார்கள், பார்க்க அழகு. மேல் பேரிங் துருப்பிடித்தால், துருப்பிடிக்கத்தான் செய்யும், வியர்வை நேராக அங்கேதான் சொட்டுகிறது, அதை மாற்ற பிரேக் குழாயைக் கழற்றி எண்ணெயை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கிறது. அரை மணி வேலை அரை நாள் வேலையாகிறது. ஒயரை மறைப்பதால் காற்றுத் தடையில் மிச்சமாகும் வாட் இந்த நிமிர்ந்த வண்டியில் யாருக்கு வேண்டும்? ஒயர் வெளியே தெரிகிற மாடல் கிடைத்தால் அதுவே நல்லது. அடுத்து, இந்த வண்டிக்கென்றே செய்த வடிவத்தில் சீட் போஸ்ட். வட்டமான 27.2 மி.மீ. போஸ்ட் என்றால் எங்கும் கிடைக்கும், போதுமான அளவு வளைந்தும் கொடுக்கும். பெடல் அச்சு பேரிங் மரை போட்டுத் திருகுவதாக இருக்கட்டும், அழுத்திச் செருகுகிற வகை கொஞ்ச நாளில் முனக ஆரம்பிக்கும்.

உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் பற்றி என் மனது இரண்டாகவே இருக்கிறது. கால்வாய்க் கரையில் முள்ளும் கண்ணாடிச் சில்லும் அதிகம், உள்ளே ஊற்றிய சீலன்ட் சின்ன ஓட்டைகளைச் சத்தமில்லாமல் அடைத்துவிடும். பெரிய வெட்டு விழுந்தால், வெள்ளைப் பால் சட்டை முழுக்கத் தெறிக்க, இறுக்கமான டயரை விரலால் பிரித்து ட்யூப் போட வேண்டும், அதற்கு எப்படியும் ஒரு ட்யூப் கையில் வேண்டும். சில மாதத்துக்கு ஒரு தடவை சீலன்ட் காய்ந்துபோகும், மறுபடி ஊற்ற வேண்டும். வாரம் தவறாமல் ஓட்டுகிறவர் ட்யூப்லெஸ் போடலாம். எப்போதாவது எடுக்கிறவர் 32-இல் சாதாரண ட்யூபோடு நிம்மதியாக இருக்கலாம்.

வாங்கும்போது பிரேமில் டயருக்கு எவ்வளவு இடம் என்று காகிதத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பாமல் கண்ணால் பாருங்கள். 32 என்று அச்சிட்ட டயர் அகலமான ரிமில் 33, 34 கூட வரும். இரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஈரச் சரளையில் போகும்போது டயரில் ஒட்டிய பொடிக்கல் பின் பிரேம் குழாயின் உள்பக்கத்தை ஒவ்வொரு சுற்றிலும் உரசும், கார்பனில் பெயின்ட் போய் நார் தெரிகிற வரை உங்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு பட்டை பாதுகாப்பு டேப் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். மட்கார்டு துளைகளும் இருக்கிறதா பாருங்கள், மட்கார்டு மாட்டினால் டயர் அளவு ஒரு படி குறையும்.

ஏற்கெனவே ஒரு ரோடு பைக் வைத்திருக்கிறீர்கள், புதுசு வாங்க மனமில்லை என்றால், இதில் முக்கால்வாசி சுகத்தை அதிலேயே வரவழைக்கலாம். பிரேம் எவ்வளவு அகல டயரைத் தாங்குமோ அவ்வளவையும் போடுங்கள், 28 ஆனாலும் சரி. கேசட்டை 34-க்கு மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன் பின்பக்க டீரெய்லரில் செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டின் நீளத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் 50-34, பின்னால் 11-34 என்றால் அது சமாளிக்க வேண்டிய பல் வித்தியாசம் 16-உம் 23-உம் சேர்த்து 39, குட்டைக் கூண்டு இதைத் தாங்காது. நீளக் கூண்டும், புது கேசட்டுக்கு ஏற்ற நீளத்தில் செயினும் சேர்த்து மாற்றுங்கள். பழைய செயினையே விட்டுவிட்டு, முன்னால் பெரிய பல் சக்கரமும் பின்னால் பெரிய பல் சக்கரமும் சேர்ந்த கியரில் தெரியாமல் மாற்றினால் டீரெய்லர் பிடுங்கிக்கொண்டு ஸ்போக்கில் போய் விழும்.